அப்பா பெயரில் உள்ள கட்டடத்தின் மதிப்பீட்டு வரி நிலுவை: சபை ஏலத்தில் விற்றுவிடுமா?

டிக்கோயாவாசி:

அனைவருக்கும் வணக்கம். மலையகத்தில் ஒரு நகர சபை எல்லைக்குள், பிரதான வீதியை ஒட்டி எங்கள் அப்பா வாங்கிய மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை ஒன்று வாடகைக்கு நடக்கிறது. மேல்தளத்தில் அம்மாவுடன் நானும் என் குடும்பமும் வசிக்கிறோம். அப்பா இருந்தவரை ஜனவரி பிறந்ததும் சபைக்குப் போய் முழு வருடத்துக்குமான வரியைக் கட்டி, பற்றுச்சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். 2019 இல் அவர் காலமான பிறகு, கடை வாடகையைக் கொழும்பில் இருக்கும் அண்ணன் வாங்கிக்கொள்வதால் வரியையும் அவரே பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தில் பேசி முடித்தோம்.

சென்ற வாரம் சபையிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. 2020 ஆம் ஆண்டின் முதல் காலாண்டிலிருந்து நிலுவை இருப்பதாகவும், வாரண்ட் கட்டணமும் சேர்ந்திருப்பதாகவும், குறித்த திகதிக்குள் செலுத்தாவிட்டால் சொத்தைக் கைப்பற்றி விற்று அறவிட நேரும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பெயர் இன்னும் அப்பாவின் பெயர்தான். 'வாரண்ட்' என்பதைப் படித்ததிலிருந்து, யாரையோ பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அம்மா பயந்துபோயிருக்கிறார். அண்ணனிடம் கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். தங்கை திருமணமாகி பதுளையில் இருக்கிறாள்.

நிலுவையை நானே கட்டிவிட ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் ஒரே தடவையில் முழுத் தொகையும் கையில் இல்லை. சபை உண்மையாகவே கட்டடத்தை விற்குமா? நான் கட்டினால் அண்ணன், தங்கையின் பங்குகளுக்கு என்ன ஆகும்? கட்டடத்தின் பின்சுவர் சரிந்திருப்பதால் அதைத் திருத்த வங்கிக் கடன் எடுக்கும் எண்ணமும் இருக்கிறது. இந்த நிலுவை அதற்குத் தடையாகுமா? விபரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

வருமானப்பகுதி (ஓய்வு):

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுங்கள், தம்பி. இந்த வாரண்ட் ஆளைக் கைது செய்வதற்கானதன்று. நிலுவைத் தொகையைப் பொருளிலிருந்து அறவிடச் சபையின் உத்தியோகத்தருக்குக் கொடுக்கப்படும் எழுத்து அதிகாரம். மதிப்பீட்டு வரி கட்டாததற்காகப் பொலிஸ் வந்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போவதில்லை என்பதை நான் சபையில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ வயதான அம்மாமாருக்கு மேசைக்கு முன்னால் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இந்த வரியை விதிக்கின்றன. கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணித்து வருடாந்தப் பெறுமதி ஒன்று குறிக்கப்படும்; அதில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை தீர்மானம் நிறைவேற்றி அறவிடுகிறது. வருடத்துக்கான தொகை நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்படும். முழுத் தொகையையும் ஜனவரி 31 க்குள் கட்டுபவருக்கு நூற்றுக்கு 10 வீதமும், ஒவ்வொரு காலாண்டுத் தொகையையும் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டுபவருக்கு 5 வீதமும் கழிவு உண்டு. உங்கள் அப்பா ஜனவரியில் போனது இதற்காகத்தான். பழைய நிலுவை இருக்கும்போது பொதுவாக இந்தக் கழிவு கிடைப்பதில்லை.

காலாண்டு முடிந்தும் கட்டாவிட்டால் அந்தக் காலாண்டுத் தொகை வாரண்டுக்குப் போகும். அதன் செலவாக நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கட்டணம் ஏறும். உதாரணத்துக்கு, வருடாந்தப் பெறுமதி 24,000 ரூபாய், வரி வீதம் 8, வாரண்ட் கட்டணம் 15 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருட வரி 1,920 ரூபாய், காலாண்டுக்கு 480. ஜனவரியிலேயே கட்டியிருந்தால் 1,728 ரூபாயோடு முடிந்திருக்கும். ஐந்து வருடம் கட்டாமல் விட்டால் வரி 9,600, வாரண்ட் கட்டணம் 1,440, ஆக 11,040 ரூபாய். உங்கள் சபையின் வீதங்கள் வேறாக இருக்கலாம். வியாபாரக் கட்டடத்துக்கும் குடியிருப்புக்கும் தனித்தனி வீதம் வைத்திருக்கும் சபைகளும் உண்டு. ஆகவே அறிவித்தலில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், காலாண்டு வாரியான நிலுவைக் கூற்று ஒன்றை வருமானப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். கடைக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனி வரி இலக்கம் இருக்கிறதா என்பதையும் அதில் பார்க்கலாம்.

இனி உங்கள் பிரதான கேள்வி. விற்க முடியுமா என்றால், சட்டப்படி முடியும். வாரண்டை எடுத்துக்கொண்டு வரும் உத்தியோகத்தர் முதலில் அசையும் பொருட்களைக் கைப்பற்றுவார். அவற்றால் கடன் தீராத நிலையில் அசையாச் சொத்தின்மீது கைவைக்கவும் பகிரங்க ஏலத்தில் விற்கவும் அதிகாரம் இருக்கிறது. அப்படி விற்கப்பட்டால் சபைத் தலைவர் கையொப்பமிடும் விற்பனைச் சான்றிதழே வாங்கியவருக்கு உரிமையைக் கொடுத்துவிடும். ஏலத்தில் வரியையும் செலவையும் எடுத்தபின் மிஞ்சும் பணம் சொத்துக்காரருக்குச் சேர வேண்டியது. அதே நேரம், ஏலத்துக்கு முன் எந்தக் கட்டத்திலும் வரியையும் அதுவரையிலான செலவையும் கொண்டுபோய்க் கட்டினால் விற்பனை நின்றுவிடும். நடைமுறையில், ஆள் குடியிருக்கும் வீட்டை ஏலம் போடுவதைச் சபைகள் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கின்றன. எழுத்தில் ஒரு வேண்டுகோளோடு வந்து நிற்பவரிடம் ஏலத்தைப் பற்றிப் பேசும் தேவை வருவதில்லை. வராமலேயே இருப்பவரின் கோப்புத்தான் மேலே மேலே நகரும்.

கண்டி நொத்தாரிசு:

மேலே எழுதியவர் சபைப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் உறுதிப் பக்கத்தை, அதாவது சொத்துரிமைப் பத்திரத்தின் பக்கத்தை, சொல்கிறேன். பலருக்கும் குழப்பம் வருவது அங்கேதான்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. உயில் இல்லாமல் அப்பா காலமாகியிருந்தால், பொதுச் சட்டப்படி கட்டடத்தில் பாதி அம்மாவுக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். நீங்கள் மூவர் என்பதால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. சபையின் வரிப் பதிவேட்டில் இன்னும் அப்பா பெயர் இருப்பதால் இந்தப் பங்குகள் எதுவும் மாறிவிடவில்லை. நாளைக்கு அதில் உங்கள் பெயர் ஏறினாலும் மாறிவிடப் போவதில்லை. வரிப் பதிவேடு யாரிடம் வரி கேட்பது என்பதற்காக வைத்திருக்கும் பதிவு. அசையாச் சொத்தில் உரிமை கைமாறுவதற்கு 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். அது காணிப் பதிவகத்தில் பதியப்படவும் வேண்டும்.

'நான்தானே இத்தனை வருடமாக வரி கட்டுகிறேன், ஆகவே வீடு எனக்குத்தான்' என்ற பேச்சு ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை எல்லா ஊரிலும் கேட்கிறது. வரிப் பற்றுச்சீட்டு ஒருவர் சொத்தைப் பராமரித்து வந்தார் என்பதற்கு நீதிமன்றத்தில் ஒரு சாட்சியாக உதவலாம்; தனியாக உரிமையைத் தருவதில்லை. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட எதிருரிமை ஆட்சி (உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டுவந்து உரிமை பெறுவது) பற்றிச் சொல்லப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் கூட்டுப் பங்காளி ஒருவர் மற்றப் பங்காளிகளுக்காகவும் சேர்த்தே ஆட்சி செய்கிறார் என்பதே சட்டத்தின் ஆரம்ப நிலைப்பாடு. வெறுமனே குடியிருந்து வரி கட்டியதால் அண்ணன் தங்கையின் பங்கு கரைந்துபோகாது. ஆகவே நீங்கள் கட்டுவதால் அவர்களுக்கு நட்டமில்லை, உங்களுக்கும் நட்டமில்லை. அவரவர் பங்குக்குரிய தொகையை அவர்களிடமிருந்து கேட்டுப்பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கட்டிய தொகையையும் திகதியையும் குறிப்பிட்டு அண்ணனுக்கும் தங்கைக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. சில வருடங்களுக்குப் பின் கூட்டுச் சொத்தைப் பங்கு பிரிக்கும் பிரிவிடல் வழக்கு என்று ஒன்று வந்தால் யார் என்ன செய்தார் என்பதை எல்லோரும் மறந்திருப்பார்கள், கடிதம் மறக்காது.

வங்கிக் கடனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈடு வைத்துக் கடன் கேட்டால் வங்கியின் சட்டத்தரணி உறுதி, வரைபடம், காணிப் பதிவகப் பிரதி ஆகியவற்றோடு சபையிலிருந்து, வீதி எல்லைக்கோட்டுக்குள் இடம் வருகிறதா என்பதைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும், சொத்து வரி நிலுவைக்காகச் சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற நொன்-வெஸ்டிங் சான்றிதழையும் கேட்பார். நிலுவை இருக்கும்போது இவற்றைச் சபையிலிருந்து பெறுவது கடினம். அதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது: பெயர் அப்பாவின் பெயராக இருக்கும் வரை நீங்கள் ஒருவராகக் கட்டடத்தை ஈடு வைக்க முடியாது. அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும், அல்லது மற்றவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு உறுதி எழுதித் தர வேண்டும். சுவர் திருத்த வேலை அவசரமாயின் இந்தப் பேச்சை இப்போதே தொடங்குங்கள்.

இடையில் ஒன்று. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இந்தியா சென்ற குடும்பங்களின் பெயரிலேயே இருக்கும் வரிப் பதிவுகளை நான் இன்றும் சில நகரங்களில் காண்கிறேன். அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் தேடி வரும்போது, எஞ்சிய உறவினர்கள் வரியைக் கட்டி வந்த இடங்களில் பேசித் தீர்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறது. கட்டாமல் விட்ட இடங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதனால்தான் பெயர் யாருடையதாக இருந்தாலும் வரியைக் கட்டிவிடுங்கள் என்று வருபவர்களிடம் எல்லாம் வற்புறுத்துகிறேன்.

டிக்கோயாவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரவு நிம்மதியாகத் தூங்கினார். இன்னும் சில விடயங்கள். கடைக்காரர் அறிவித்தலைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் சாமான்களைக் கொண்டுபோய்விடுவார்களா என்று கேட்கிறார். அண்ணனோ, 2023 இலிருந்து 2025 வரை சபையே இருக்கவில்லை, அந்தக் காலத்துக்கு யாரும் வரி கேட்க முடியாது என்று சொல்கிறார். அது சரியா? பின்சுவர் சரிந்தபோது பழைய குசினியும் ஓர் அறையும் இடிந்துவிட்டன. அவற்றுக்கும் சேர்த்துத்தான் இன்னும் வரி வருகிறது போலிருக்கிறது.

ஊவா வியாபாரி:

பண்டாரவளையில் நானும் வாடகைக் கடையில் இருப்பவன் என்பதால் உங்கள் கடைக்காரரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவருடைய பயம் வீணானதன்று. வரி நிலுவையுள்ள கட்டடத்தில் காணப்படும் அசையும் பொருள், அது வீட்டுக்காரருடையதா வாடகைக்காரருடையதா என்று பிரித்துப் பாராமல் கைப்பற்றப்படக்கூடியது. அரிசி மூட்டையும் தராசும் குளிர்சாதனப் பெட்டியும் கடைக்காரருடையவை என்பதற்காகத் தப்பிவிடா. ஆனால் அவருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: வாடகை ஒப்பந்தத்தில் வரியைத் தானே கட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், சபைக்கு அவர் கட்டும் தொகையை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலைமையில் இதையே வழியாக்கிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர் சில மாதங்களுக்கு வாடகையில் ஒரு பகுதியை நேரே சபையில் கட்டி, பற்றுச்சீட்டின் போட்டோப் பிரதியை உங்களுக்கும் அண்ணனுக்கும் தரட்டும். வாடகையை வாங்குபவர் அண்ணன். வரி போக வேண்டிய பணமும் அந்த வாடகைக்குள்தான் இருக்கிறது. அம்மாவின் பங்கு பாதி என்பதால் அம்மா கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் கடைக்காரருக்கும் தைரியம் வரும். எங்கள் பஜாரில் இரண்டு மூன்று கடைகளில் இப்படித்தான் பழைய பாக்கி தீர்ந்தது. யாரும் யாரோடும் முகம் முறித்துக்கொள்ளவில்லை.

வருமானப்பகுதி (ஓய்வு):

ஊவா நண்பர் சொன்ன வழி நல்ல வழி. அதோடு அண்ணனின் வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது உறுப்பினர்களுக்கு. சபை என்ற நிறுவனத்துக்கு அன்று. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய உறுப்பினர்கள் வரும்வரை மாநகர சபைகளை ஆணையாளர்களும் மற்றச் சபைகளைச் செயலாளர்களும் நடத்தினார்கள். குப்பை வண்டி ஓடியது, தெருவிளக்கு எரிந்தது, வரியும் அறவிடப்பட்டது. அந்த இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுக் கட்டினால் அந்தக் காலாண்டுகள் அப்படியே நிலுவையாக நிற்கும்.

இடிந்த பகுதி பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. மண்சரிவு வராத வருடமே இல்லாத நம் பகுதியில் பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். கட்டடம் குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுத்தில் அறிவிக்காத வரை சபை பழைய வருடாந்தப் பெறுமதியிலேயே வரி போட்டுக்கொண்டிருக்கும். இடிந்த இடத்தின் புகைப்படங்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், சரிவைப் பார்வையிட்டு ஏதாவது அறிக்கை தந்திருந்தால் அதன் பிரதி ஆகியவற்றை இணைத்து, பெறுமதியைத் திருத்தித் தரும்படி விண்ணப்பியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: திருத்தம் வரட்டும், பிறகு கட்டுகிறேன் என்று காத்திருந்தால் வாரண்ட் கட்டணம் காத்திருக்காது. புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது பெறுமதி அதிகம் என்று பட்டால், அந்த அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். சபையின் முடிவு திருப்தி தராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. திகதி தவறினால் அடுத்த மதிப்பீடு வரை அந்தத் தொகையோடுதான் இருக்க வேண்டிவரும்.

மஸ்கெலியா ஆசிரியை:

இதே விடயத்தில் தோட்டப் பக்கத்தைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன், ஐயா. நுவரெலியா மாவட்டத்தில் புதிய பிரதேச சபைகள் வந்த பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயன் காம்பராவுக்கும் வரி வரப்போகிறது, கட்டாவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற பேச்சு எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் மத்தியில் அடிக்கடி எழுகிறது. 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக் குடியேறியவர்களும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

வருமானப்பகுதி (ஓய்வு):

டீச்சர், அவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். லயன் காம்பரா அங்கே வசிக்கும் தொழிலாளியின் சொத்து அன்று. 1992 இலிருந்து கம்பனிகள் நடத்தும் தோட்டங்களின் காணி அரசுக்குரியது. தன் பெயரில் உறுதியோ வரி இலக்கமோ இல்லாத ஒருவரிடம் மதிப்பீட்டு வரி நிலுவை என்று எதுவும் இருக்க முடியாது. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிடுவதற்கு இருந்த தடையை நீக்குவதற்காக. பாதையும் தண்ணீரும் கேட்கும் உரிமை அதனால் வலுப்பெற்றது. அதைக் கேட்கப் பயப்பட வேண்டியதில்லை. இதற்காக எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் பேச வேண்டியிருந்தது என்பதால், வரிப் பயத்தினால் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதைக் காண எனக்கு வேதனையாக இருக்கிறது.

7 பேர்ச் வீட்டுக்காரர்களின் நிலை வேறு. அவர்கள் இருக்கும் இடம் அபிவிருத்தியடைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, வீடு மதிப்பிடப்பட்டு, வருடாந்தப் பெறுமதியுடன் அறிவித்தல் கையில் கிடைத்தால் அன்றிலிருந்து வரி உண்டு. அந்த அறிவித்தல் வரும்போது அதைப் படித்துப் புரிந்துகொள்ள அவர்களுக்கு உதவுங்கள்.

டிக்கோயாவாசி தம்பிக்குக் கடைசியாக: நிலுவையைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்கும் கடிதத்தைச் சபைத் தலைவருக்கு முகவரியிட்டு, வரி இலக்கத்தை மேலே எழுதுங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழ் பிரதியை இணைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். முதல் தவணைப் பணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். நடப்பு வருடக் காலாண்டுத் தொகையை நிலுவைத் தவணையோடு சேர்த்தே கட்டி வந்தால் புதிதாக வாரண்ட் ஏறாது. கவுண்டரில் பற்றுச்சீட்டு தரும்போது எந்த வருடத்தின் எந்தக் காலாண்டுக்கு அந்தப் பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.